மழைமானிக்கும் எடைமேடைக்கும் ஒரே லினக்ஸ் ஓடுமா?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டர் என்று யாரும் அழைக்காத கம்ப்யூட்டர்கள் சில அங்கே ஓடுகின்றன. பழக்குலை ஏற்றி வரும் லாரியை நிறுக்கும் எடைமேடை அறையில் தூசி படிந்த பழைய பெட்டி ஒன்று. ஆபீஸ் சுவரில் இணையத்தைப் பங்கிட்டுக் கொடுக்கும் ரூட்டர். கடைசி டிவிஷனில் மழைமானியின் கணக்கை எடுத்து அனுப்பும் ராஸ்ப்பெரி பை என்ற சின்னக் கம்ப்யூட்டர். போதாததற்கு, ஈப்போவில் பாலிடெக்னிக் படிக்கும் தோட்டத்துப் பிள்ளை ஆன்லைனில் வாங்கி வந்திருக்கும் புத்தம்புது ரிஸ்க்-வி போர்டு.

நான்கிலும் லினக்ஸ் என்ற இயங்குதளம் ஓடும். அப்படியானால் நான்கிலும் ஒரே லினக்ஸ் வழங்கலை, அதாவது லினக்ஸும் தேவையான மென்பொருள்களும் சேர்ந்த ஒரே தொகுப்பை, போட்டுவிட்டால் என்ன? ஒன்றைக் கற்றால் நான்கையும் பராமரிக்கலாமே! நியாயமான ஆசைதான். அது எதுவரை நிறைவேறும், எங்கே இடறும் என்று பார்ப்போம்.

முதலில், இந்த நான்கு பெட்டிகளின் பிராசசர்களும் நான்கு வெவ்வேறு குடும்பங்களைச் சேர்ந்தவை. எடைமேடைப் பெட்டி எக்ஸ்86. ராஸ்ப்பெரி பை ஆர்ம். பழைய ரூட்டர்களில் பெரும்பாலும் மிப்ஸ். புதிய போர்டு ரிஸ்க்-வி. ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனிக் கட்டளைத் தொகுப்பு உண்டு. எக்ஸ்86-க்காகக் கம்பைல் செய்த (அதன் கட்டளைகளாக மாற்றிய) நிரலை ஆர்மில் கொண்டுபோய் வைத்தால் அது ஓர் அடிகூட நகராது. மனிதர் எழுதிய மூல நிரல் ஒன்றாக இருந்தாலும், ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனித்தனியாகக் கம்பைல் செய்தாக வேண்டும்.

இதைத் தோட்ட ஆபீஸ் அறிவிப்புப் பலகையோடு ஒப்பிடலாம். சம்பள நாள் மாறியது என்ற செய்தி ஒன்றுதான். ஆனால் மலாயில் ஒரு தாள், தமிழில் ஒரு தாள், வங்காளதேசத் தொழிலாளர்களுக்கு வங்காளத்தில் ஒரு தாள் என்று ஒட்டினால்தான் எல்லாருக்கும் போய்ச் சேரும். லினக்ஸ் வழங்கல் என்பது அந்தத் தாள்களை அச்சிட்டு, பிழை பார்த்து, செய்தி மாறும்போதெல்லாம் எல்லாவற்றையும் மாற்றி ஒட்டும் ஆபீஸ். ஒரு மொழித் தாளை அச்சிடுவதை அந்த ஆபீஸ் நிறுத்திவிட்டால், அதை மட்டுமே படிக்கத் தெரிந்தவர் பழைய செய்தியோடு நிற்பார்.

அப்படி நிறுத்துவது அடிக்கடி நடக்கிறது. லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் லினக்ஸின் மையமான கெர்னலை எழுதியது இன்டெல் 386 பிராசசருக்காக. அந்த 386-க்கான ஆதரவே 2013-இல் வந்த கெர்னல் 3.8-இல் நீக்கப்பட்டது. 2018-இல் வந்த 4.17 பதிப்பில் ஒரே வீச்சில் எட்டுக் குடும்பங்களை வெளியேற்றினார்கள், பராமரிக்க ஆளில்லை. அதே ஆண்டு தொடக்கத்தில் வந்த 4.15-இல்தான் ரிஸ்க்-வி உள்ளே நுழைந்தது. ஆகவே "பல பிராசசர்களில் ஓடும்" என்று ஒரு வழங்கல் சொன்னால், இன்றைக்கு அதை அச்சிட ஆள் இருக்கிறார்கள் என்று மட்டுமே எடுத்துக்கொள்ளுங்கள்.

குடும்பப் பெயர் போதாது, தலைமுறையும் பொருந்த வேண்டும். புதியவர்கள் அதிகம் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். 2012-இல் வந்த முதல் ராஸ்ப்பெரி பையும், பின்னால் வந்த ஸீரோ, ஸீரோ டபிள்யூ போர்டுகளும் ஆர்ம் ஆறாம் தலைமுறை. டெபியன் என்ற வழங்கலில் 'ஆர்ம்எச்எஃப்' என்ற பெயரில் கிடைக்கும் பதிப்போ ஏழாம் தலைமுறையிலிருந்துதான் தொடங்குகிறது. "இதுவும் ஆர்ம், அதுவும் ஆர்ம்" என்று அதை ஸீரோவில் எழுதிப் போட்டால், 'தெரியாத கட்டளை' என்ற பிழையோடு நிரல் செத்து விழும். இந்த இடைவெளியை நிரப்பத்தான் ராஸ்பியன் பிறந்தது: டெபியனின் அதே மூல நிரலை ஆறாம் தலைமுறைக்கென்று மறுபடி கம்பைல் செய்தார்கள். அதன் வழிவந்ததே இன்றைய ராஸ்ப்பெரி பை ஓஎஸ்ஸின் 32 பிட் பதிப்பு. குழப்பம் இதோடு முடியவில்லை. ஆல்பைன் லினக்ஸ் என்ற இன்னொரு வழங்கலிலும் 'ஆர்ம்எச்எஃப்' என்று ஒரு பதிப்பு உண்டு. அங்கே அந்தப் பெயர் ஆறாம் தலைமுறையைக் குறிக்கிறது. ஏழாம் தலைமுறைக்கு அவர்கள் 'ஆர்ம்வி7' என்று தனிப் பெயர் வைத்திருக்கிறார்கள். பெயரை நம்பிப் பதிவிறக்காதீர்கள். பக்கத்தில் எழுதியிருக்கும் குறைந்தபட்சத் தேவையைப் படியுங்கள்.

ரிஸ்க்-வியிலும் இதே கதை. உபுண்டு என்ற வழங்கலின் 25.10 பதிப்பு, ஆர்விஏ23 என்ற புதிய அடிப்படைத் தரத்தைக் கட்டாயமாக்கியது. அது வெளிவந்தபோது கையில் கிடைத்த ரிஸ்க்-வி போர்டுகள் ஏறக்குறைய எதுவுமே அந்தத் தரத்தை எட்டவில்லை. உபுண்டுவின் பட்டியலில் ரிஸ்க்-வி இருக்கிறது. உங்கள் மேசையில் இருக்கும் ரிஸ்க்-வி அதில் இல்லாமல் போகலாம்.

எக்ஸ்86 பக்கம் இதற்கு நேர்மாறான ஒரு நல்ல செய்தி உண்டு. 32 பிட் விண்டோஸ் ஓடிக்கொண்டிருந்ததால் 32 பிட் பெட்டி என்று எல்லாரும் நினைத்திருக்கும் பழைய கம்ப்யூட்டர்களில் கணிசமானவை உண்மையில் 64 பிட். 2006-இல் வந்த கோர் 2 டுவோவே 64 பிட் பிராசசர்தான். எடைமேடைப் பெட்டியைத் தூக்கிப் போடும் முன், லினக்ஸ் பென்டிரைவில் ஏற்றி 'எல்எஸ்சிபியூ' (lscpu) என்ற கட்டளையைக் கொடுத்துப் பாருங்கள். 64 பிட் என்று வந்தால் பாதிக் கவலை தீர்ந்தது.

அடுத்த சிக்கல், பெட்டி எழுந்து நிற்பது. மின்சாரம் கொடுத்த நொடியிலிருந்து லினக்ஸ் கெர்னல் ஓடத் தொடங்கும் வரை நடப்பதைப் பூட் என்கிறோம். எக்ஸ்86 உலகில் இதற்கு ஒரு பொது ஒழுங்கு இருக்கிறது. பயாஸ் அல்லது யூஇஎஃப்ஐ என்ற தொடக்க நிரல் வன்பொருளைக் கண்டுபிடித்துச் சொல்லிவிடும். ஒரே பென்டிரைவ் எந்தப் பெட்டியிலும் எழும். சிறிய ஆர்ம், ரிஸ்க்-வி போர்டுகளில் பெரும்பாலும் அந்த வசதி கிடையாது. எந்த முனையில் எந்தச் சாதனம், எந்த முகவரியில் சீரியல் போர்ட் என்பதையெல்லாம் 'டிவைஸ் ட்ரீ' என்ற ஒரு கோப்பில் எழுதிக் கெர்னலின் கையில் கொடுக்க வேண்டும். அதைக் கொடுப்பது பெரும்பாலும் யூ-பூட் என்ற பூட் நிரல். பிராசசர் சரியாகப் பொருந்தி, டிவைஸ் ட்ரீ மட்டும் பொருந்தாமல் போனால், திரை கறுப்பாகவே நிற்கும்.

மலிவான போர்டுகளில் பலவும் தயாரிப்பாளரின் சொந்தக் கெர்னலோடு வருவதற்கு இதுவே காரணம். அந்தக் கெர்னல் ஒரு பழைய பதிப்பிலேயே நின்றுவிடும். பாதுகாப்புத் திருத்தங்கள் வராது. போர்டு வாங்கும்போது பிராசசர் வேகத்தையும் நினைவக அளவையும் விட முக்கியமாகக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: பொதுவான லினக்ஸ் கெர்னலிலேயே இந்தப் போர்டுக்கு ஆதரவு சேர்ந்துவிட்டதா? சேர்ந்திருந்தால் எந்த வழங்கலையும் யோசிக்கலாம். சேரவில்லை என்றால் தேர்வு உங்கள் கையில் இல்லை. கடைக்காரர் ஏற்கெனவே தேர்ந்தெடுத்துவிட்டார்.

மூல நிரல் கிடைக்காத மென்பொருளும் இப்படித்தான் கையைக் கட்டும். எடைக்கருவி விற்றவர் பிரிண்டருக்கென்று கம்பைல் செய்த டிரைவர் ஒன்றை மட்டும் கொடுத்திருக்கிறார் என்றால், அது எக்ஸ்86-ஐ விட்டு நகராது. நல்லவேளையாக எடைமேடைக் கருவிகள் பலவும் ஆர்எஸ்-232 என்ற பழைய சீரியல் கம்பி வழியாக எடையை வெறும் எழுத்துகளாக அனுப்புகின்றன. அதைப் படிக்க ஒரு சிறு நிரலை நாமே எழுதிக்கொள்ளலாம். அது எங்கும் ஓடும்.

எங்கும் ஓடும் என்றேன், கொஞ்சம் கவனத்தோடு எழுதினால். டிவிஷனிலிருந்து லோரா ரேடியோ வழியாகத் தகவல் வருகிறது என்று வையுங்கள். சிக்னலின் வலிமை எப்போதும் மைனஸ் எண்ணாகவே வரும்; மைனஸ் 90 என்பது சாதாரணம். சி மொழியில் அதை ஒரு பைட் அளவுள்ள 'சார்' வகை மாறியில் போட்டால், எக்ஸ்86-இல் மைனஸ் 90 என்றே இருக்கும். ஆர்மிலும் ரிஸ்க்-வியிலும் அந்த வகைக்கு மைனஸ் கிடையாது. அதே நிரல் 166 என்று காட்டும். நிரலில் பிழைச் செய்தி எதுவும் வராது, எண் மட்டும் மாறியிருக்கும். மைனஸ் தாங்கும் வகை என்று வெளிப்படையாக எழுதிவிட்டால் சிக்கல் இல்லை. இன்னொன்று பைட் வரிசை. சில மிப்ஸ் ரூட்டர்கள் எண்ணின் பெரிய பகுதியை முதலில் வைக்கும். மற்ற மூன்றும் சிறிய பகுதியை முதலில் வைக்கும். இரண்டு பைட் எண்ணை அப்படியே எடுத்து அனுப்பினால் 1 மில்லிமீட்டர் மழை 256 மில்லிமீட்டராகப் போய்ச் சேரும். ஆபீஸில் வெள்ள எச்சரிக்கை மணி அடிக்கும், வெளியே வெயில் காயும். இவற்றை எந்த வழங்கலும் உங்களுக்காகச் சரிசெய்து தராது.

இனி வழங்கல்களுக்கு வரலாம். பட்டியல் நீளமானது, தோட்டத்து வேலைக்கு உண்மையில் பார்க்க வேண்டியவை சில.

டெபியன் 1993-இல் தொடங்கியது. நிறுவத் தயாரான மென்பொருள் தொகுப்புகள் ஏராளம், ஆவணங்கள் ஏராளம், எந்தச் சந்தேகத்துக்கும் யாராவது ஏற்கெனவே பதில் எழுதியிருப்பார்கள். ஒரு குடும்பத்தில் கற்ற கட்டளை மறு குடும்பத்தில் அப்படியே செல்லும். ராஸ்ப்பெரி பை ஓஎஸ் பழகியவருக்கு டெபியன் புதிதல்ல. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-இல் ரிஸ்க்-வி 64 பிட் முதன்முறையாக அதிகாரபூர்வ இடம் பெற்றது. அதே பதிப்பில் மிப்ஸ் வெளியேறியது. 32 பிட் எக்ஸ்86-க்குக் கெர்னலும் நிறுவும் நிரலும் நிறுத்தப்பட்டன. முந்தைய டெபியன் 12-க்கு நீண்டகால ஆதரவு 2028 ஜூன் வரை உண்டு. சில ஜிபி சேமிப்பும், குறைந்தது 512 எம்பி நினைவகமும் உள்ள பெட்டி என்றால் நான் முதலில் டெபியனைத்தான் யோசிப்பேன். அதில் கவர்ச்சி எதுவுமில்லை. பராமரிப்பவருக்குக் கவர்ச்சி தேவையுமில்லை.

ஆல்பைன் வேறு சுபாவம். ஜி-லிப்சி என்ற பெரிய அடிப்படை நிரலகத்துக்குப் பதிலாக மசில் என்ற சிறியதையும், சாதாரணக் கட்டளைகளுக்குப் பிஸிபாக்ஸ் என்ற ஒரே நிரலையும் வைத்துக்கொண்டு மிகச் சின்ன இடத்தில் அடங்கிவிடும். 32 பிட் எக்ஸ்86-ஐ இன்னும் கைவிடவில்லை. ஆர்மில் மூன்று தலைமுறைகள், 2024 மே மாதப் பதிப்பிலிருந்து ரிஸ்க்-வி என்று குடும்ப வட்டமும் பெரிது. எனக்கு இதில் மிகவும் பிடித்தது, முழு அமைப்பையும் நினைவகத்தில் ஏற்றி ஓட்டும் முறை. பூட் ஆனதும் எஸ்டி கார்டில் எதுவும் எழுதப்படாது. நீங்கள் 'எல்பியூ கமிட்' (lbu commit) என்று சொன்னால் மட்டும் மாற்றங்கள் சேமிக்கப்படும். பேராக்கில் மாலை இடிமழையில் மின்சாரம் போய்ப் போய் வரும் டிவிஷன்களுக்கு இது பெரிய வரம். எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் எஸ்டி கார்டு கெட்டுவிடுவதுதான் இந்தச் சிறு பெட்டிகளின் முதல் எதிரி. டெபியனிலும் அமைப்பு இருக்கும் பகுதியைப் படிக்க மட்டும் என்று பூட்டி வைக்கலாம், ஆனால் நாமே மெனக்கெட்டு அமைக்க வேண்டும்.

ஆல்பைனின் விலை என்ன? ஜி-லிப்சிக்காகக் கம்பைல் செய்த மூடிய மென்பொருள்கள் மசிலில் பெரும்பாலும் ஓடாது. பைத்தான் தொகுப்புகள் சிலவற்றுக்கு ஆயத்தப் பதிப்பு இல்லாமல், அந்தச் சின்னப் பெட்டியிலேயே உட்கார்ந்து கம்பைல் ஆகும். ஸீரோவில் அதைத் தொடங்கிவிட்டுத் தே தாரிக் குடித்து முடித்து வந்தாலும் ஓடிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு பதிப்புக்கும் ஆதரவு இரண்டு ஆண்டுதான் என்பதால், யாராவது தவறாமல் மேம்படுத்திக்கொண்டே வர வேண்டும்.

ரூட்டருக்கு வேறு வழியே இல்லை, ஓப்பன்டபிள்யூஆர்டிதான். 2004-இல் லிங்க்சிஸ் டபிள்யூஆர்டி54ஜி என்ற ரூட்டரின் வெளியிடப்பட்ட மூல நிரலிலிருந்து தொடங்கிய திட்டம் இது. குடும்பத்துக்கு ஒரு பதிப்பு என்று இங்கே பார்க்கக் கூடாது. ரூட்டரின் சரியான மாடலுக்கு, அதன் திருத்த எண் உட்பட, உரிய கோப்பைத்தான் ஏற்ற வேண்டும். குறைந்தது 8 எம்பி ஃபிளாஷும் 64 எம்பி நினைவகமும் இல்லாத ரூட்டர் என்றால் புதிய பதிப்புகளுக்கு ஆசைப்பட வேண்டாம்.

பில்ட்ரூட், யோக்டோ என்ற பெயர்களும் காதில் விழும். இவை வழங்கல்கள் அல்ல, வழங்கலை நீங்களே கட்டிக்கொள்ளும் பட்டறைகள். 2001-இலிருந்து இருக்கும் பில்ட்ரூட் எளிமையானது: மெனுவில் தேர்ந்தெடுத்துக் கம்பைல் செய்தால் முழு அமைப்பும் ஒரே கோப்பாக வரும்; ஆனால் ஓடும் பெட்டியில் தொகுப்பை மட்டும் மாற்றும் வசதி கிடையாது, மாற்றம் என்றால் புதிய கோப்பு. லினக்ஸ் அறக்கட்டளை 2010-இல் அறிவித்த யோக்டோ அடுக்கடுக்காகக் கட்டப்படும். போர்டுக்கு ஓர் அடுக்கு, உங்கள் நிரலுக்கு ஓர் அடுக்கு. பிராசசர் குடும்பம் மாறினால் போர்டு அடுக்கை மாற்றினால் போதும் என்பதால் பல குடும்பங்களைத் தாங்குவதில் இதற்கு நிகரில்லை. நூறு ஜிபிக்கும் மேல் வன்தட்டு இடமும் மணிக்கணக்கில் பொறுமையும் கேட்கும். ஆயிரம் மழைமானிகள் செய்து விற்கப் போகிறவருக்கு யோக்டோ சரி. ஒரு மழைமானி வைத்திருக்கும் தோட்டத்துக்கு அது வீண் சுமை. பினாங்கிலோ கூலிமிலோ மின்னணுத் தொழிற்சாலை வேலைக்குப் போக நினைக்கும் மாணவர் வீட்டில் பழகிப் பார்க்கலாம். அது வேறு கணக்கு.

இவ்வளவையும் பார்த்த பிறகு எங்கிருந்து தொடங்குவது? மாற்ற முடியாத, இருப்பதிலேயே வசதி குறைந்த பெட்டியிலிருந்து தொடங்குங்கள் என்பேன். பலரும் புதிய போர்டிலிருந்து தொடங்குவார்கள், அதில் எதுவும் ஓடும் என்பதால். பிறகு அந்தத் தேர்வைப் பழைய பெட்டியில் திணிக்கப் பார்த்து வாரக் கணக்கில் மல்லுக்கட்டுவார்கள். ஏழைப் பெட்டியில் ஓடுவது பணக்காரப் பெட்டியிலும் ஓடும்.

அடுத்ததாக, யார் பார்த்துக்கொள்வது என்ற கேள்வி. எடைமேடைக் கிராணி கேட்கப் போவது இதைத்தான்: "தம்பி, நீ படிப்பு முடிந்து போய்விட்டால் இந்தப் பெட்டி நிற்கும்போது நான் யாரைக் கூப்பிடுவது?" அவருக்குப் பதில் சொல்ல முடியாத எந்தத் தேர்வும், தொழில்நுட்பத்தில் எவ்வளவு அழகாக இருந்தாலும், எடைமேடைக்கு ஆகாது.

நம் நான்கு பெட்டிகளுக்கும் என் தீர்ப்பு இது. எடைமேடைப் பெட்டி 64 பிட் என்று தெரிந்தால் டெபியன் 13. உண்மையிலேயே 32 பிட் என்றால் ஆல்பைன். காரணம், நொடிகளை 32 பிட்டில் எண்ணும் பழைய நேரக் கணக்கு 2038 ஜனவரி 19-இல் தீர்ந்துபோகும் பிரச்சினையை மசில் 2020-லேயே கடந்துவிட்டது. டெபியனின் 32 பிட் எக்ஸ்86 பழைய நிரல்களுக்காக அதை அப்படியே விட்டுவைத்திருக்கிறது. மழைமானியில் இருப்பது பழைய ஸீரோ என்றால் ராஸ்ப்பெரி பை ஓஎஸ் 32 பிட், அல்லது மின்வெட்டு அதிகம் என்றால் ஆல்பைன் ஆர்ம்எச்எஃப். ஸீரோ 2 டபிள்யூ என்றால் அது 64 பிட், கவலையில்லை. ரூட்டருக்கு ஓப்பன்டபிள்யூஆர்டி, அதில் வேறு வேலை எதையும் ஏற்ற வேண்டாம். ஆக ஒரே வழங்கல் என்ற ஆசை நிறைவேறவில்லை. இரண்டு அல்லது மூன்றில் நிற்கிறோம். ஒன்றாக வைத்துக்கொள்ள வேண்டியது மழைக்கணக்கு நிரலின் மூல நிரலை. அதை ஓட வேண்டிய குடும்பங்களுக்கெல்லாம் கம்பைல் செய்து, போர்டு கையில் இல்லாதபோது கியூமு என்ற போலி பிராசசரில் மடிக்கணினியிலேயே ஓட்டிப் பார்த்துவிடலாம்.

ரிஸ்க்-வி போர்டை இப்போதைக்கு எந்த வேலைக்கும் வைக்காதீர்கள். டெபியன் 13 அதில் எழுகிறதா என்று அந்தப் பிள்ளை விடுமுறையில் பார்க்கட்டும். எழுந்தால், மைனஸ் 90 அங்கே எத்தனை என்று வருகிறது என்பதை முதலில் சோதிக்கச் சொல்லுங்கள்.